தரைத்தள வீட்டுக்கு ஏமாளி தேவை

வாடகை மோசடித் தடுப்பு வாரியம் ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் அது ஒரு மோசடிக்காரனைக்கூடப் பிடித்ததில்லை. இதை யாரும் குறையாகச் சொல்லிவிடக் கூடாது. பிடிப்பது போலீஸ் வேலை. தடுப்பதுதான் வாரியத்தின் வேலை. தடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்று வீண்வம்பு பேசுகிறவர்களுக்காக, நடக்காமல் போன மோசடிகளின் பட்டியலை அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, வருடா வருடம் வெளியிடுகிறார்கள். போன வருடத்துப் பட்டியல் நானூறு பக்கம் வந்தது.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த வாரியத்தோடு பகை எதுவும் கிடையாது. சொல்லப்போனால், வாரியம் இலவசமாகக் கொடுத்த 'முப்பத்தேழு அறிகுறிகள்' என்ற கையேட்டை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும். அவனுக்கு வேறு வழியில்லை. அவன் குடியிருந்த கட்டடம் கைமாறிவிட்டது. வாங்கியவர் வந்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இடிப்பு என்று வாசல் சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டுப் போனார். மற்ற குடித்தனக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவனால் மட்டும் போக முடியவில்லை. காரணம் மாமனார்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலிதான். அதனால் தரைத்தள வீடுதான் வேண்டும். மாடியென்றால் என்ன, லிஃப்ட் இருக்கிறதே என்று பலரும் யோசனை சொன்னார்கள். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கிறவன் அவன்தான். அதனால்தான் தரைத்தளம் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தரைத்தளம், இரண்டு அறை, நல்ல காற்றோட்டம், உரிமையாளர் வெளிநாட்டில், குறைந்த வாடகை, உடனே வரவும். ஒரே விளம்பரத்தில் நான்கு அறிகுறிகள். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. போனான்.

வீட்டைத் திறந்து காட்டியவர் இஸ்திரி கலையாத சட்டையும் தூக்கலான செண்ட் வாசனையுமாக ஒரு புரோக்கர். "பத்திரம் பாக்கணும்னா பாக்கலாம் சார்" என்றார். "ஆனா நீங்க பாக்க மாட்டீங்கன்னு எனக்கு ஒரு நம்பிக்கை."

பேச்சின் நடுவே நடுவே அவர் நிறுத்தி நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார். யாரோ கேட்க வேண்டிய கேள்விக்காகக் காத்திருப்பவர் மாதிரி இருந்தது. அட்வான்ஸை இன்றைக்கே, கையிலேயே, ரசீதில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தினார்.

அவன் வீட்டைச் சுற்றி வந்தான். நல்ல வீடு. வாசலில் படியே இல்லை. நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு போய்விடலாம். ஜன்னல் மாமனாரின் கண் மட்டத்துக்குச் சரியாக இருந்தது. ஆசை தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அவன் தொழிலே தேய்மானத்தைப் பார்ப்பது. தாழ்ப்பாளைப் பார்த்தான், ஒரு கீறல் இல்லை. சமையல் மேடையில் ஒரு கறை இல்லை. கட்டிப் பல வருடமான வீட்டில் கரண்ட் மீட்டர் வரிசையாகச் சைபர் காட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுல யாருமே குடியிருந்ததில்லையா?"

"ஏன் கேக்கறீங்க?" புரோக்கரின் குரலில் ஆவல் பொங்கியது.

"நீங்க புரோக்கரும் இல்ல, இது வாடகைக்கு வர்ற வீடும் இல்ல. நான் ஒரு பைசா குடுக்க மாட்டேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. ஆளுக்கொரு ஃபைலோடு மூன்று அதிகாரிகள் கைதட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். புரோக்கர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"வாழ்த்துகள் சார்! நான் வாரியத்துல இரண்டாம் நிலை ஏமாற்றுநர். இது விழிப்புணர்வு ஒத்திகை. முப்பத்தேழுக்கு முப்பத்தொண்ணு வாங்கியிருக்கீங்க. வியாழக்கிழமை விழாவுல உங்களுக்குச் சான்றிதழ்!"

அவனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பிறகு ஒரு நப்பாசை தலைதூக்கியது. "சார், மோசடிதானே பொய்? வீடு நிஜம்தானே?"

"வீடு நிஜம்தான். வாரியத்தோட வீடு."

"அப்ப எனக்கே வாடகைக்கு விட்டுடுங்களேன்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரில் மூத்தவர் குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். "வாடகைக்கு விட்டா அது மோசடி இல்லாம போயிடுமே சார். அப்புறம் நாங்க எதை வச்சு ஜனங்களை எச்சரிக்கிறது?"

புதன்கிழமை, வேலைக்குப் போன கட்டடத்தில் ஒருவர் சொல்லி இன்னொரு வீடு கிடைத்தது. மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த ஒருவரின் வீட்டு முன்பகுதி. அதுவும் தரைத்தளம். அவரும் வாடகை குறைவாகத்தான் சொன்னார். மகன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார். நாளைக்கு வேறு ஆள் வருவதாகவும், இன்றே சொல்லிவிட்டால் நல்லது என்றும் சொன்னார். அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான். ஒன்பது அறிகுறிகள் ஆகிவிட்டன.

தாழ்ப்பாள் தேய்ந்திருந்தது. மீட்டர் ஓடியது. சுவரில் பழைய ஆணி இருந்தது. எல்லாம் நிஜம் மாதிரிதான் இருந்தது. ஆனால் வாரியம் நேற்றுச் செய்த தவறை இன்று திருத்தியிருக்காதா? பழைய ஆணி அடிப்பது என்ன பெரிய வித்தையா? மருந்துக்கடைக்காரர் சாவியை எடுத்து நீட்டினார். உள்ளே எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்தது.

"சார், மூணு பேரும் வெளிய வரலாம்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அவன் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்தான்.

உள்ளே மருந்துக்கடைக்காரரின் மனைவி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டாம். தெரு முனை வரைக்கும் அவன் ஓடினான். மருந்துக்கடைக்காரர் வயதுக்கு மீறிய வேகத்தில் துரத்தினார். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபடி அவன் நடந்ததைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. மடியில் சட்டையை வைத்துக்கொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள். தையற்கடைச் சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா போட்டுக்கொடுப்பது அவள் வேலை.

"அது நிஜமான வீடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

வியாழக்கிழமை வாரியத்து மண்டபத்தில் விழா. சான்றிதழுக்காக அவன் போகவில்லை. இயக்குநரை நேரில் பார்த்துக் காலில் விழுந்தாவது அந்த வீட்டைக் கேட்டுவிடலாம் என்று போனான். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே! நான் பொறுப்புக்கு வந்தப்போ இந்த ஊர்ல வாரத்துக்கு நாலே நாலு மோசடி விளம்பரம்தான் வந்துக்கிட்டிருந்தது. அதுவும் தரமே இல்லாத விளம்பரம். இன்னைக்கு வாரத்துக்கு நூத்தியிருபது விளம்பரம் நாமளே போடுறோம். நிஜ மோசடிக்காரங்க நம்மகூடப் போட்டி போட முடியாம ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இதைவிட வெற்றி என்ன வேணும்?"

கைதட்டல். அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"ஜனங்களுக்கு நிஜமான அனுபவம் கிடைக்கணும்னா நிஜமான வீடு வேணும். அதனால ஊர்ல இருக்கிற நல்ல தரைத்தள வீடாப் பாத்து இருநூறு வீட்டை வாரியமே எடுத்துக்கிச்சு. ஊர்ல தரைத்தள வீடே கிடைக்கலன்னு சில பேர் குறை சொல்றாங்க. நான் கேக்கறேன், வீடு தாராளமாக் கிடைச்சா எவன் ஏமாறுவான்? தவிச்சு வந்தாத்தானே ஏமாறுவான்? ஏமாற வந்தாத்தானே நாம தடுக்க முடியும்?"

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊரில் மூன்று மாதமாக அவன் ஏறி இறங்காத தெரு இல்லை. இருநூறு வீடு. இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"ஒத்திகையில தவறினவங்களையும் நாம கைவிடல. ஏமாந்த குடும்பம் எந்த வீட்டுல ஏமாந்ததோ, அந்த வீட்டுலயே அதுக்கு முப்பது நாள் உறைவிடப் பயிற்சி. கடைசி நாள்ல தேர்வு. தேறலன்னா இன்னொரு முப்பது நாள். இதுவரைக்கும் நம்ம பயிற்சியில ஒருத்தர்கூடத் தேறினதில்லங்கிறதே பயிற்சி எவ்வளவு கடினம்ங்கிறதுக்குச் சாட்சி!"

விழா முடிந்து எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு அவன் இயக்குநருக்கு முன்னால் போய் நின்றான். மாமனார் நிலையைச் சொன்னான். நாளைக் காலை பத்து மணியைச் சொன்னான்.

இயக்குநருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "நீங்க விழிப்பா இருக்கிறவராச்சே. விழிப்பா இருக்கிறவருக்கு எதுக்குங்க வீடு?"

"அப்ப என்னை மறுபடி ஏமாத்துங்க சார். இந்தத் தடவை ஒழுங்கா ஏமாறுறேன்."

"முடியாதே. தேறினவங்க அஞ்சு வருஷத்துக்கு ஏமாறக் கூடாது. ஏமாந்தா சான்றிதழை அவமதிச்ச குற்றம்."

வீட்டுக்கு வந்து சான்றிதழை மூலையில் வீசினான். மாமனார் நாற்காலியிலிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மனைவி சான்றிதழை எடுத்துப் பெயரைப் படித்தாள்.

"சான்றிதழ் உங்களுக்குத்தானே குடுத்தாங்க? எனக்குக் குடுக்கலியே. நான் ஏமாறுறேன்."

மாமனார் கோணிய வாயோடு சிரித்தார். "மாப்பிள்ளை, உங்களைன்னா ஏமாத்திடலாம். இவளை ஏமாத்துறதுக்கு இனிமேதான் ஒருத்தன் பிறந்து வரணும்." அவர் சொன்னதில் மிகை இல்லை. பிறந்ததிலிருந்து எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியறியாதவள் அவள். நூல்கண்டு வாங்கினாலும் இழையை எண்ணுகிற ரகம்.

அன்றைக்கே அவள் செவ்வாய்க்கிழமை பார்த்த அதே விளம்பரத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமான்களைத் தெருவில் இறக்கி, அவற்றுக்கு நடுவே மாமனாரை உட்கார்த்திவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். இடிக்கிற இயந்திரம் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. "போயிட்டு வாங்க. என்னையும் சேத்து இடிச்சா நாற்காலிக்கு நஷ்டஈடு கேளுங்க" என்றார் மாமனார்.

சான்றிதழ் பெற்றவன் ஒத்திகை வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால் அவன் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றான். உள்ளே அதே ஏமாற்றுநர். அதே செண்ட்.

"இதுதாம்மா பத்திரம். உரிமையாளர் ஆம்பளை, ஒட்டியிருக்கிற படம் பொம்பளையா இருக்கும். அதைப் பெருசா எடுத்துக்காதீங்க."

வெளியே நின்றவன் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே அவள் பல்லைக் கடிப்பது சுவர் வழியாகவே அவனுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

"லட்சணமா இருக்காங்க" என்றாள் அவள்.

"ரசீது வேணுமா?"

"எதுக்குங்க? உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

"அட்வான்ஸ் ஒரு வருஷ வாடகை."

"ஒரு வருஷமா? அநியாயமா இருக்கே, கொஞ்சம் குறை…" என்று ஆரம்பித்துவிட்டாள். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "கொஞ்சம் குறைவாச் சொல்றீங்களோன்னு பாத்தேன்" என்று சமாளித்து, வீட்டிலிருந்த மொத்தச் சேமிப்பையும் உறையோடு எடுத்து அவர் கையில் வைத்தாள். உறையை வாங்கிக்கொண்டு ஏமாற்றுநர் விழித்தார். அவர் உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து இப்படி யாரும் ஏமாந்ததில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. இந்தத் தடவை கைதட்டல் இல்லை. மூத்த அதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தார். "முப்பத்தேழுக்குச் சைபர். இது சாத்தியமே இல்ல. ஏம்மா, நீங்க எங்களை ஏமாத்துறதுக்காக ஏமாறுறீங்களா? அது தண்டனைக்குரிய குற்றம்னு தெரியுமா?"

"இல்லங்க…"

"படத்துல பொம்பளைன்னு கவனிச்சீங்களா, கவனிக்கலையா?"

ஒன்பதே முக்கால். தெருவுக்கு நடுவில் நாற்காலியில் இருக்கிற அப்பாவின் நினைப்பு வந்திருக்க வேண்டும் அவளுக்கு. பேச வாயைத் திறந்தவள் அழுதுவிட்டாள். அது நடிப்பில்லை என்று சுவருக்கு வெளியே நின்றவனுக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படி வாய்விட்டு அழுது அவன் கேட்டதில்லை. உள்ளே ஓடிப்போய் அத்தனை ஃபைலையும் கிழித்தெறிய வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதிகாரிகள் தனியாகப் போய்ப் பேசினார்கள். கண்ணீர் இயல்பானதுதான், விதிப்படி இது முழு ஏமாறுதலே என்று முடிவானது. உறையை ஒத்திகைப் பணமாக எழுதிக்கொண்டு, தொண்ணூறு வேலை நாளில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதற்கு மட்டும் ரசீது கேட்டு வாங்கினாள். பயிற்சிக்குச் சேர்ந்த குடும்பத்தில் கணவனும் அடக்கம் என்பதால் அவனும் உள்ளே வரலாம் என்றார்கள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் தள்ளுவண்டியோடு பழைய வீட்டுத் தெருவுக்கு ஓடினான்.

முப்பது நாளும் நிம்மதியாகத்தான் போயிற்று. மாமனார் ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை. காலையில் ஒரு மணி நேரம் வாரியத்திலிருந்து ஒருவர் வந்து அறிகுறிகளைப் படித்துக்காட்டுவார். மனைவி காஜா போட்டுக்கொண்டே கேட்டு, கடைசியில் எதுவும் புரியவில்லை என்பாள். தேர்விலும் சைபர் வாங்கினாள். இன்னும் முப்பது நாள் கிடைக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தபோது இயக்குநரே நேரில் வந்தார்.

"நாளைக்கு இந்த வீட்டுல ஒரு ஒத்திகை. புது ஆள் வர்றாங்க. அவங்க தேறிட்டா நீங்க தொடரலாம். ஏமாந்துட்டா, புது ஏமாளிக்குத்தான் முன்னுரிமை. நீங்க காலி செய்யணும்."

"நாங்க என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணும் வேண்டாம். காலி செய்யப்போற குடித்தனக்காரங்களா இருங்க. ஒத்திகைங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக் கூடாது. மத்தபடி வர்றவங்க எதாவது கேட்டா பேசலாம், தடையில்ல. ஆனா உண்மையை மட்டும்தான் பேசணும். நாம பொறுப்புள்ள வாரியம்."

மறுநாள் வந்தவர்கள் ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளியும் அவன் மனைவியும். அவன் கைமுட்டி வரைக்கும் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். அவளுக்கு நிறைமாதம். வாசலில் இரண்டு பைகளும் சுருட்டிய ஒரு மெத்தையும் இருந்தன. இருந்த இடத்தை விட்டு வந்துவிட்டார்கள் என்று கேட்காமலே தெரிந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். பின்னறையில் நின்று, "இங்க தொட்டில் போட்டுக்கலாம்" என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஏமாற்றுநர் பத்திரத்தை நீட்டினார். அவர்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரொட்டிக்கடைத் தொழிலாளி சட்டைக்குள்ளிருந்து பணத்தை எடுத்தான்.

மெக்கானிக் மாமனாரைப் பார்த்தான். மாமனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தான். அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு அசையாமல் இருந்தாள். அவனுக்குத் தெரிந்த உண்மை இரண்டு இருந்தது. ஏமாந்தால் இந்த வீடு உங்களுக்கு என்பது ஒன்று. ஒத்திகை என்ற வார்த்தையே இல்லாமல் அதைச் சொல்லியிருக்கலாம். அவன் மற்றதைத்தான் சொன்னான்.

"தம்பி, பணத்தைக் குடுக்காதீங்க" என்றான். "இவர் புரோக்கரே இல்ல. பத்திரம் பொய். இந்த வீடு வாடகைக்கே இல்ல. இது மோசடி. போயிடுங்க."

ரொட்டிக்கடைத் தொழிலாளி பணத்தை மறுபடி சட்டைக்குள் திணித்துக்கொண்டான். அந்தப் பெண் மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம்."

அவன் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றான். அவர்கள் பையையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தேறியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டுமே என்று ஏமாற்றுநர் விண்ணப்பத்தோடு பின்னால் ஓடினார். "நில்லுங்க! நில்லுங்க!" என்று அவர் கத்தக் கத்த, மோசடிக்காரன் துரத்துகிறான் என்று பயந்து அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"தப்பிச்சுட்டாங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார்.

"தப்பிச்சுட்டாங்க மாமா" என்றான் அவன்.